சோமேக்: கலக்குபவர் கையில்தான் இருக்கிறது அந்த ராத்திரி

தென்கொரியாவுக்கு வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ கிளம்புகிற நம் ஆட்கள் குளிரைப் பற்றிக் கேட்பார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். சோமேக் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் மாதத்துக்குள் அது உங்கள் முன்னால் வந்துவிடும். பீரில் சோஜுவைக் கலந்து குடிப்பதுதான் சோமேக். சோஜுவின் 'சோ'வும், பீருக்கு அங்கே சொல்லும் மேக்ஜுவின் 'மேக்'கும் சேர்ந்த பெயர். குடிப்பவராக இருந்தாலும் குடிக்காதவராக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது என்பதால்தான் எழுதுகிறேன். அங்கே பல வருடங்கள் ஆய்வகத்திலும் பிறகு ஒரு நிறுவனத்திலும் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டவை இவை.

முதலில் சோஜு. பச்சை பாட்டில், 360 மி.லி., விளிம்பு வரை ஊற்றினால் 50 மி.லி. பிடிக்கிற குட்டி கிளாஸ். இன்று பரவலாகக் கிடைக்கிற சோஜுவில் ஆல்கஹால் சுமார் 16 சதவீதம். பழைய பாணியில் வடித்த ஆன்டோங் சோஜு 45 சதவீதம் வரை இருக்கும், ஆனால் அது வேறு சமாசாரம், யாரும் பீரில் ஊற்ற மாட்டார்கள். பச்சை பாட்டிலில் இருப்பது மரவள்ளி, சர்க்கரைவள்ளி, தானியம் என்று கிடைத்த மாவுச்சத்திலிருந்து எடுத்த சுத்தமான எரிசாராயத்தில் தண்ணீரையும் இனிப்பையும் சேர்த்தது. 1965-இல் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், அரிசியில் சோஜு வடிக்க அரசு தடை போட்டது. அப்போது பரவிய முறைதான் இது. அன்று 30 சதவீதம் இருந்த சோஜு, 1970-களில் 25 ஆனது. 1998-இல் சாமிசுல் என்ற பிராண்ட் சோஜு வந்தபோது 23. அப்படியே இறங்கி இறங்கி இப்போது 16-க்கு வந்து நிற்கிறது. குடிக்க லேசாகிவிட்டது. அதனால் ஒரு ஆள் காலி செய்கிற பாட்டில்களும் கூடிவிட்டன, மேஜையைப் பார்த்தாலே தெரியும்.

இதை அதிகம் பார்ப்பது ஹ்வேஷிக்கில். ஹ்வேஷிக் என்றால் வேலை முடிந்ததும் குழு மொத்தமும் சேர்ந்து போகிற சாப்பாடு. பன்றி இறைச்சி சுடும் கடையாக இருக்கும், இல்லையென்றால் பொரித்த கோழிக்கடை. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் பீர் பாட்டிலும் சோஜு பாட்டிலும் ஒன்றாகவே வந்துவிடும். குழுத் தலைவரோ, கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த ஒருவரோ, கிளாஸ்களை வரிசையாக வைத்து மளமளவென்று கலக்குவார். ஒருவர் ஸ்பூனை கிளாஸுக்குள் செங்குத்தாக நிறுத்தி, இன்னொரு ஸ்பூனால் அதில் டங்கென்று தட்டுவார். நுரை பொங்கி விளிம்புக்கு வரும். எல்லோரும் கை தட்டுவார்கள். "கொன்பே!" என்று கத்திவிட்டு ஒரே மூச்சில் குடிப்பார்கள்.

முதல் கிளாஸ் குடித்ததும் எனக்குத் தோன்றியது, இது பீரைவிட நன்றாக இருக்கிறதே என்பதுதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சோஜுவைத் தனியாகக் குடித்தால் மருத்துவமனை ஸ்பிரிட் மாதிரி ஒரு வாடை மூக்கில் ஏறும், பீர் அதை அமுக்கிவிடுகிறது. கொரிய லாகர் பீரைத் தனியாகக் குடித்தால் கொஞ்சம் தண்ணியாக, கடைசியில் லேசான கசப்போடு இருக்கும். சோஜுவில் இருக்கிற இனிப்பு அந்தக் கசப்பைத் தட்டி சமன் செய்கிறது. இரண்டும் ஒன்றின் குறையை ஒன்று மறைக்கின்றன. அது தொண்டைக்கு இதம். ஆனால் ஆல்கஹால் உள்ளே போவது தெரியாமல் போவதற்கும் அதுதான் காரணம்.

எந்த பீர் எடுத்தாலும் இது வராது. காஸ், டெர்ரா மாதிரி கசப்பு குறைந்த, வாயு நிறைந்த, 4.5 சதவீதத்தை ஒட்டிய லாகர்தான் பொருந்துகிறது. மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, தூக்கலாக இருக்கிற பீரில் சோஜு ஊற்றினால் இனிப்போடு இனிப்பு சேர்ந்து திகட்டும். ஹாப்ஸ் பூவின் கசப்பு தூக்கலான ஐபிஏ வகை பீரில் ஊற்றினால் கசப்பு இன்னும் கூர்மையாகி நாக்கின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். கோதுமை பீரில் அதன் வாழைப்பழ வாசனையும் சாராய வாடையும் ஒன்றோடொன்று சண்டை போடும். விலை உயர்ந்த பீரை வாங்கி சோமேக் போடுவது அந்த பீருக்குச் செய்யும் அநியாயம். அதைத் தனியாகக் குடியுங்கள்.

கலக்கும் முறை எளிது. இரண்டுமே நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது, ஏனென்றால் சூடு ஏறினால் வாயு ஓடிவிடும், சாராய வாடை மேலே வரும். கிளாஸில் முதலில் சோஜு. பிறகு கிளாஸைச் சாய்த்து பீரை ஊற்றி, பாதிக்கு மேல் நிமிர்த்தினால் ஊற்றுகிற வேகத்திலேயே கலந்துவிடும், தனியாகக் கலக்கத் தேவையில்லை. ஸ்பூன் தட்டுவது வெறும் வேடிக்கை இல்லை. அந்த அதிர்வில் கரைந்திருந்த வாயு குமிழாக வெளியே வருகிறது, பானம் வாயில் மெத்தென்று ஆகிறது. ஆனால் தட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் சப்பென்று ஆகிவிடும். மெதுவாகக் குடிக்க நினைப்பவர்கள் தட்ட விடாதீர்கள். உங்கள் கிளாஸை மட்டும் நகர்த்தி வைத்துக்கொண்டால் போதும், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

விகிதம்தான் இதில் உயிர். அங்கே பொன்விகிதம் மாதிரிச் சொல்வது சோஜு மூன்று பங்கு, பீர் ஏழு பங்கு. அளவுக்கோடு போட்ட கிளாஸ்கள்கூட விற்கின்றன. கோடு இல்லாத கடையில் கண் அளவுதான். கண் அளவு முதல் சுற்றில் சரியாக இருக்கும். மூன்றாவது சுற்றில் ஊற்றுபவரின் கண்ணே சரியாக இருக்காது.

இனி கணக்கு. 200 மி.லி. கிளாஸ் என்று வைத்துக்கொள்வோம். வெறும் பீர் என்றால் அதில் 9 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 7 கிராம். மூன்றுக்கு ஏழு சோமேக் என்றால் 60 மி.லி. சோஜு, 140 மி.லி. பீர். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 16 மி.லி. ஆல்கஹால், எடையில் 12.5 கிராம். மொத்தமாகப் பார்த்தால் 8 சதவீத பானம். பாதிக்குப் பாதி கலந்தால் 10 சதவீதத்தைத் தாண்டும். ஒன்றுக்கு ஒன்பது என்று கலந்தால் ஐந்தரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, 9 கிராம்.

8 சதவீதம் என்று கேட்டால் பெரிதாகத் தெரியாது, ஒயினே 12, 13 இருக்கிறதே என்று தோன்றும். ஒயினை யாரும் ஒரே மூச்சில் 200 மி.லி. குடிப்பதில்லை. சோமேக் குடிக்கிற வேகம் பீரின் வேகம், உள்ளே போகிற சரக்கு பீரைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. ஈரல் ஒரு மணி நேரத்தில் கழிக்கக்கூடியது ஆளைப் பொறுத்துத் தோராயமாக 7 முதல் 10 கிராம். ஐந்து சோமேக் குடித்தால் 60 கிராமுக்கு மேல். அதை ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிட்டால் கழிவதற்கு விடியற்காலை ஆகும். வாயு கலந்த பானத்தில் ஆல்கஹால் பலருக்குச் சீக்கிரம் ஏறுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"பீரையும் ஹாட்டையும் கலந்தால்தான் மறுநாள் தலை வெடிக்கும்" என்று நம் ஊரிலும் சொல்வார்கள், அங்கேயும் சொல்கிறார்கள். கலப்பதே விஷம் என்கிற மாதிரி. நான் கவனித்த வரையில் கலப்பதைக் குறை சொல்லிப் பயனில்லை, அளவுதான் காரணம். ஜெர்மனியின் விட்டன்-ஹெர்டெக்கே பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 90 பேருக்கு பீரும் ஒயினும் கொடுத்துப் பார்த்தார்கள். பீர் முதலில், ஒயின் முதலில், ஒன்று மட்டும் என்று எப்படி மாற்றினாலும் மறுநாள் அவஸ்தையில் பெரிய வித்தியாசம் இல்லை. எவ்வளவு போதை ஏறியதாக உணர்ந்தார்கள், வாந்தி எடுத்தார்களா என்பதை வைத்துத்தான் மறுநாள் நிலையைக் கணிக்க முடிந்தது. சோஜுவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், கிளாஸை எண்ணாமல் கிளாஸுக்குள் போன சோஜுவை எண்ணுங்கள் என்று நான் புதியவர்களுக்குச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எண்ணுவதற்கு நல்ல வழி, நீங்களே கலக்குபவர் ஆகிவிடுவது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கொரிய மேஜையில் தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ளும் பழக்கம் கிடையாது, பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும். வயதில் இளையவர் எழுந்து "நான் கலக்குகிறேன்" என்றால் பெரியவர்கள் சந்தோஷமாக பாட்டிலைக் கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டுக்காரர் கேட்டால் இன்னும் சந்தோஷம். அந்த நொடியிலிருந்து மேஜையின் விகிதம் உங்கள் கையில். நான் இரண்டாவது வருடத்திலிருந்து எங்கள் குழுவில் இதைச் செய்ய ஆரம்பித்தேன். முதல் சுற்று எல்லோருக்கும் மூன்றுக்கு ஏழு, அதில் மரியாதை இருக்கிறது. இரண்டாவது சுற்றில் இரண்டுக்கு எட்டு. அதன் பிறகு ஒன்றுக்கு ஒன்பது. நுரை நன்றாக வந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் கண்ணால் நன்றி சொன்னார்களே தவிர வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை கூட்டம் இருக்கும்போது எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் பாட்டிலை எடுத்து நேராக என் முன்னால் வைத்துவிடுவார்.

இன்னொன்றும் கலக்குபவரால் செய்ய முடியும். கொரியர்களில் கணிசமானவர்களுக்கு ஆல்கஹால் சிதைந்து வரும் அசிட்டால்டிஹைடை உடைக்கிற நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. ஒரு கிளாஸிலேயே முகம், கழுத்து எல்லாம் சிவந்துவிடும், நெஞ்சு படபடக்கும். "பழகினால் சரியாகிவிடும்" என்று சிலர் உற்சாகப்படுத்துவார்கள். பழகினால் சரியாகாது. இப்படிச் சிவக்கிறவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஆகும். அவருக்கு நான் ஊற்றியது பெரும்பாலும் சில்சங் சைடர், அதாவது எலுமிச்சை வாசனை உள்ள சோடா, மேலே நிறத்துக்கு ஒரு சொட்டு பீர். அவர் கேட்டுத்தான் அப்படிச் செய்தேன். கேட்கக் கூச்சப்படுகிறவர்களிடம் நாமே மெல்லக் கேட்கலாம்.

மேஜை மரியாதைகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஊற்றும்போது கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், நாம் ஊற்றும்போது பாட்டிலையும் அப்படியே. குடிக்கும்போது பெரியவர் முகத்துக்கு நேராகக் குடிக்காமல் தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார்கள். நம் ஊரில் பெரியவர்கள் முன் குடிக்கவே கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது சுலபமாக வந்துவிடும். பாதி காலியான கிளாஸில் மேலே ஊற்றுவது வழக்கமில்லை, காலியானால்தான் ஊற்றுவார்கள். இது பெரிய உதவி. கிளாஸில் ஒரு வாய் மிச்சம் வைத்திருந்தால் அடுத்தது வராது. பல ஹ்வேஷிக்குகளை நான் கடந்தது அந்த ஒரு வாய் மிச்சத்தால்தான்.

குடிக்கவே மாட்டேன் என்பவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை குடித்துவிட்டு அடுத்த முறை மறுத்தால்தான் சங்கடம். "சுல் மொன் மாஷ்யோயோ" என்றால் எனக்கு மது ஒத்துக்கொள்ளாது, குடிக்க முடியாது என்று அர்த்தம். மருந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னாலும் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். பழைய காலம் போல வற்புறுத்துவது இப்போது குறைந்துவிட்டது. வேலை இடத்தில் அதிகாரத்தை வைத்துத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டம் 2019 ஜூலையில் அமலுக்கு வந்தது, கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பதும் அதில் அடங்கும். '119' என்றொரு வழக்கமும் பரவியிருக்கிறது: ஒரே வகை மது, ஒரே கடை, இரவு 9 மணிக்குள் முடித்துக்கொள்வது. அங்கே தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அழைக்கும் எண்ணும் 119 என்பதால் மனதில் நிற்கும். இது இல்லாத குழுவில் முதல் கடை, இரண்டாவது கடை, அதற்கப்புறம் பாட்டுப் பாடும் நொரேபாங் என்று போய்க்கொண்டே இருக்கும். முதல் கடை முடிந்து எல்லோரும் தெருவில் நின்று அடுத்து எங்கே என்று பேசுகிற அந்த ஐந்து நிமிடம்தான் கழன்றுகொள்ள நல்ல நேரம். கடைசி மெட்ரோ நள்ளிரவை ஒட்டிப் போய்விடும் என்பது யாரும் மறுக்க முடியாத காரணம்.

சைடு டிஷ் விஷயத்தில் கொரியர்களை மெச்ச வேண்டும். வெறும் வயிற்றில் குடிக்கிற பழக்கமே அவர்களிடம் குறைவு. இறைச்சி, கீரை, பூண்டு, சோயா விழுது போட்ட கொதிக்கும் குழம்பு, கடைசியில் சாதம். சாப்பிட்டுவிட்டு ஆரம்பியுங்கள், ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்குச் சிரமம்தான், குழம்பில்கூட நெத்திலி போட்ட கொதிநீர் இருக்கும். போகும் முன்பே அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

மறுநாளைக்குப் பல்பொருள் கடையில் விதவிதமான ஹேங்ஓவர் பானங்கள் கிடைக்கும். அவற்றால் எனக்குப் பெரிய பலன் தெரிந்ததில்லை. முளைகட்டிய சோயா போட்ட சூப்பும், கருவாட்டுப் பொள்ளாக் மீன் சூப்பும் உண்மையாகவே இதமானவை. உப்பும் தண்ணீரும் சூடும் சேர்ந்து உடம்புக்குப் போகிறதே, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். தலைவலிக்குப் பாராசிட்டமால் போடவே போடாதீர்கள். நிறையக் குடித்த உடம்பில் அது ஈரலுக்கு ஆபத்து.

வண்டி பற்றியும் சொல்ல வேண்டும். கொரியாவில் 2019 ஜூன் முதல் ரத்தத்தில் 0.03 சதவீதம் இருந்தாலே குற்றம், நம் நாட்டிலும் அதே அளவுதான். அங்கே காலையிலும் சோதனை நடக்கும். ஐந்து சோமேக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். இரவு 11 மணிக்கு முடித்தவர் காலை 7 மணிக்குத் தெளிவாக உணரலாம், ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கலாம். இரவில் உங்கள் காரை ஓட்டிக்கொண்டுவந்து வீட்டில் விடும் 'தேரி' ஓட்டுநர்கள் ஒரு போனில் கிடைப்பார்கள். காலையில் பஸ்ஸில் போங்கள்.

பீரில் ஹாட் கலப்பது கொரியர்கள் மட்டும் செய்வதில்லை. ரஷ்யாவில் பீரில் வோட்கா ஊற்றினால் யோர்ஷ். ஜெர்மனியில் சின்ன கிளாஸ் ஷ்னாப்ஸை பீருக்குள் அப்படியே மூழ்கவிடுகிறார்கள், அதற்கு நீர்மூழ்கிக் கப்பலின் பெயர். அமெரிக்காவில் விஸ்கியும் பீரும் சேர்ந்தது பாய்லர்மேக்கர். கொரியாவிலேயே சோமேக்குக்கு முன்பு பொக்தான்ஜு என்கிற வெடிகுண்டு மது இருந்தது. விஸ்கி கிளாஸை பீருக்குள் போட்டுக் குடிப்பது, 1980-களில் ராணுவத்திலும் அரசு வழக்கறிஞர்கள் மத்தியிலும் பரவியது. விஸ்கியின் இடத்தை சோஜு பிடித்ததும் அது எல்லோருக்கும் எட்டியது. கிளாஸுக்குள் கிளாஸைப் போடும் விளையாட்டு வேண்டாம் என்பது என் கருத்து. கண்ணாடி விளிம்பு தெறித்து உதடு கிழிந்த ஒருவரை அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். நெதர்லாந்துக்காரர்கள் வழி எனக்குப் பிடிக்கும்: ஜெனிவர் என்கிற ஹாட்டை ஒரு கிளாஸில், பீரை இன்னொரு கிளாஸில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சப்புவார்கள். நல்ல ஹாட் கையில் இருந்தால் அப்படித்தான் குடிக்க வேண்டும்.

ஊருக்கு வரும்போது நண்பர்கள் "மச்சான், அந்தக் கொரியன் மிக்சிங் ஒண்ணு போடு" என்பார்கள். பிராந்தியையும் ஸ்ட்ராங் பீரையும் எடுத்து வைப்பார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். நம் ஊர் பிராந்தி, விஸ்கி, வோட்கா எல்லாம் 42.8 சதவீதம். ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை போகும். அதே மூன்றுக்கு ஏழு அளவில் 60 மி.லி. பிராந்தியும் 140 மி.லி. ஸ்ட்ராங் பீரும் ஊற்றினால் ஒரு கிளாஸில் கிட்டத்தட்ட 37 மி.லி. ஆல்கஹால், சுமார் 29 கிராம். கொரிய சோமேக்கைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அதை ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது, குடிக்க விடவும் கூடாது. நான் போட்டுக்கொடுப்பது இப்படி: ஸ்ட்ராங்கை ஓரமாக வைத்துவிட்டு, 5 சதவீதத்தைத் தாண்டாத லாகர் 180 மி.லி. நன்றாகக் குளிர்ந்ததாக. ஹாட் என்றால் வோட்கா மட்டும், பிராந்தியின் கேரமல் வாசனை பீரோடு ஒட்டாது. வோட்கா 20 மி.லி., அதாவது 30 மி.லி. பெக் அளவுக் கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இனிப்புக்கு அரை ஸ்பூன் சர்க்கரைப்பாகு. கணக்குப் பார்த்தால் 9 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, சுவையும் சோமேக்குக்குப் பக்கத்தில் வரும். அளவுக் கிண்ணம் இல்லாத வீட்டில் இருமல் மருந்து மூடியால் அளப்பேன். இரண்டாவது கிளாஸுக்கு வோட்காவைப் பாதியாக்குவேன், மூன்றாவது கேட்பவர்களுக்கு வெறும் பீர்.